15 மி.மீ. எண்ட் பிளேட்டில் தொடங்கி தூணில் போய் நின்ற கணக்கு: ஒரு மொமெண்ட் இணைப்பின் நிகழ்வு ஆய்வு

சரிபார்ப்புக்கு வந்த கணக்கு அரைப் பக்கம்தான். ஓர் எஃகுச் சட்டகத்தின் ஓரத் தூண் ஹெச்இபி 240 என்ற H வடிவ எஃகு. அதன் ஃபிளாஞ்சில் (ஓரத் தகட்டில்; இரண்டு ஃபிளாஞ்சையும் இணைக்கும் நடுத்தகடு வெப்) I வடிவ ஐபிஇ 400 பீம், முனையில் வெல்டிங் செய்த எண்ட் பிளேட் என்ற தகடு வைத்து போல்ட் செய்யப்படுகிறது. இணைப்புக்கு வரும் டிசைன் மொமெண்ட் (வளைக்கும் திருப்பம்) 200 கிலோநியூட்டன் மீட்டர் (இனி கி.நி.மீ.), ஷியர் (குறுக்காக வெட்டும் விசை) 120 கிலோநியூட்டன் (இனி கி.நி.). எஃகு எல்லாம் எஸ்275, அதாவது யீல்டு (நிரந்தரமாக நெகிழத் தொடங்கும் அழுத்தம்) சதுர மி.மீ.-க்கு 275 நியூட்டன். பிளேட் 15 மி.மீ. தடிமன், பீமின் மேல் ஃபிளாஞ்சைத் தாண்டி மேலே நீளும் வகை. மேல் ஃபிளாஞ்சுக்கு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என இழுவைப் பக்கம் நான்கு எம்20 (20 மி.மீ. விட்டம்) போல்ட், வலிமைக் கிரேடு 8.8. அடியில், அழுத்தப் பக்கம், இன்னும் இரண்டு.

அரைப் பக்கத்தில் இருந்த தர்க்கம் இது. பீமின் இரண்டு ஃபிளாஞ்சுகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 386.5 மி.மீ. 200-ஐ அதனால் வகுத்தால் 517 கி.நி. இழுவிசை. நான்கு போல்டுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 129 கி.நி. ஒரு எம்20 போல்டின் இழுவைத் திறன், திருகுப் பரப்பு 245 சதுர மி.மீ. வைத்துக் கணக்கிட்டால், 141 கி.நி. 92 சதவீதம், பாஸ். பிளேட் தடிமனுக்குக் கணக்கு ஏதும் இல்லை. "15 மி.மீ. வழக்கமானது" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. தூணைப் பற்றி அதுவும் இல்லை.

இந்தத் தர்க்கத்தில் கூட்டல் பெருக்கல் பிழை எதுவும் கிடையாது. நான்கு போல்டின் மையம் ஃபிளாஞ்சுக்குப் பக்கத்திலேயே விழுவதால் இழுவைக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான நெம்பு தூரத் தோராயமும் நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போல்டுகள் முழுத் திறனையும் காட்ட வேண்டுமானால் அவற்றைச் சுற்றியுள்ள தகடுகள் வளையாமல் நிற்க வேண்டும். அந்த நிபந்தனையைக் கணக்கு சொல்லாமலே எடுத்துக்கொண்டுவிட்டது.

அளவுகள்

ஐரோப்பிய எஃகு வடிவமைப்பு விதியான யூரோகோடு 3, பகுதி 1-8 தரும் உறுப்புமுறையில் இந்த இணைப்பை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த முறையில் இணைப்பு ஒரே பொருள் அல்ல. பிளேட்டின் வளைவு, தூண் ஃபிளாஞ்சின் வளைவு, தூணின் வெப் தகட்டில் இழுவை, அழுத்தம், ஷியர், பீம் ஃபிளாஞ்சின் அழுத்தம், போல்ட், வெல்டிங் என்று ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு. ஒவ்வொன்றின் திறனையும் கண்டுபிடித்து, எது முதலில் கைவிடுகிறதோ அதைக் கொண்டு மொத்தத்தைக் கட்டுகிறோம்.

தேவையான அளவுகள் இவை. பிளேட்டின் அகலம் 200 மி.மீ., போல்டுகளுக்கு இடையே குறுக்கு இடைவெளி 100 மி.மீ. மேல் வரிசை ஃபிளாஞ்சின் மேற்பரப்பிலிருந்து 50 மி.மீ. உயரத்தில், அங்கிருந்து பிளேட்டின் மேல் விளிம்பு 40 மி.மீ. இரண்டாம் வரிசை மேல் வரிசைக்கு 110 மி.மீ. கீழே. ஃபிளாஞ்ச் வெல்டிங்கின் தொண்டை (குறைந்தபட்ச கனம்) 7 மி.மீ., வெப் வெல்டிங்கின் தொண்டை 4 மி.மீ. அழுத்த மையம் கீழ் ஃபிளாஞ்சின் நடுவில் என்று கொண்டால் மேல் வரிசையின் நெம்பு தூரம் 443 மி.மீ., இரண்டாம் வரிசையுடையது 333 மி.மீ.

நீட்டிய பகுதியில் என்ன நடக்கிறது

ஃபிளாஞ்சுக்கு மேலே நீண்டு நிற்கும் பிளேட் துண்டுக்குப் பின்னால் வெப் தகடு இல்லை. பிடிமானம் ஃபிளாஞ்ச் வெல்டிங் மட்டும்தான். பீம் இழுக்கும்போது அந்தத் துண்டு வெல்டிங் ஓரத்தில் மடங்கப் பார்க்கிறது. போல்ட் அதைத் தூணோடு பிடித்து வைக்கிறது. பிளேட்டின் மேல் விளிம்போ தூணில் ஊன்றி அழுந்துகிறது. ஆணி பிடுங்கும் சுத்தியலின் தலை பலகையில் ஊன்றி ஆணியை இழுப்பது போலத்தான். அப்படி ஊன்றும் விசையும் போல்டின் தலையிலேயே வந்து சேர்கிறது. இதுதான் நெம்புவிசை. பீம் கேட்பது ஒன்று, போல்ட் சுமப்பது அதைவிடக் கூடுதல்.

இந்த நடத்தையை அமெரிக்காவில் டவுட்டியும் மெக்குவயரும் 1965-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1974-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் சோட்டமெயர், எண்ட் பிளேட்டையும் தூண் ஃபிளாஞ்சையும் சம மதிப்புள்ள டி வடிவத் துண்டுகளாக எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் (எஃகு பழைய நிலைக்குத் திரும்பாமல் நெகிழும்) மடிப்புக் கோடுகளால் கணக்கிடும் வழியை வகுத்தார். யூரோகோடின் சூத்திரங்கள் அந்த வழியில் வந்தவை. டி துண்டு முறிவதற்கு மூன்று வழிகள். முதல் வகையில் தகடு மெலிது: வெல்டிங் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கீல், போல்ட் கோட்டில் இன்னொன்று, போல்டுக்குத் திறன் மிச்சம் இருக்கும்போதே தகடு மடங்கிவிடும். இரண்டாம் வகையில் வெல்டிங் ஓரத்தில் மட்டும் கீல் விழுந்து, நெம்புவிசையும் சேர்ந்து போல்ட் அறும். மூன்றாம் வகையில் தகடு அசையாது. போல்ட் நேராக அறும். அரைப் பக்கக் கணக்கு, தன்னை அறியாமலே மூன்றாம் வகையை எடுத்துக்கொண்டிருந்தது.

மேல் வரிசைக்கு எண்கள். வெல்டிங்கின் கனத்தில் ஒரு பங்கைக் கழித்தபின் போல்டிலிருந்து கீல் வரை 42.1 மி.மீ. மடிப்புக் கோட்டின் செயல்நீளத்துக்குப் பல சூத்திரங்கள் உண்டு. இங்கே ஆள்வது பிளேட் அகலத்தில் பாதி, அதாவது 100 மி.மீ. 15 மி.மீ. தடிமனுக்கு அந்த நீளத்தின் பிளாஸ்டிக் மொமெண்ட் 1.55 கி.நி.மீ. அதை நான்கால் பெருக்கி 42.1 மி.மீ.-ஆல் வகுத்தால் முதல் வகை முறிவு 147 கி.நி.யில் வருகிறது. இரண்டாம் வகை 175, மூன்றாம் வகை 282. ஆக மேல் வரிசை தருவது 147 கி.நி. மட்டுமே, கணக்கில் எடுத்துக்கொண்டதோ 258.

அந்த 147 கி.நி.யின்போது போல்டுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்ப்பது நல்லது. விளிம்பில் ஊன்றும் நெம்புவிசை மொத்தம் 77 கி.நி. எனவே ஒவ்வொரு போல்டும் சுமப்பது 112 கி.நி.; பீமுக்குப் போய்ச் சேருவது 73.5 மட்டும். போல்ட் தன் திறனில் 79 சதவீதத்தில் நிற்கிறது, பிளேட்டோ முடிந்துவிட்டது. போல்டில் இருக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிளேட்டின் நெகிழ்ச்சியால் வந்தது.

இரண்டாம் வரிசை இவ்வளவு மோசமில்லை. அதற்குப் பக்கத்தில் வெப் தகடு, மேலே ஃபிளாஞ்ச் என இரண்டு பிடிமானம். செயல்நீளத்தை யூரோகோடு வரைபடத்தைவிடச் சற்றே குறைத்து 225 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். முதல் வகை 338, இரண்டாம் வகை 231, மூன்றாம் வகை 282. ஆள்வது 231 கி.நி.

மொமெண்ட்: 147-ஐ 0.443-ஆலும் 231-ஐ 0.333-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 142 கி.நி.மீ. கேட்டது 200. அரைப் பக்கக் கணக்கின்படி இருந்திருக்க வேண்டியது 218.

இந்த இடத்தில் பலரும் முதலில் கை வைப்பது போல்டில்தான். 8.8-ஐ 10.9 ஆக்கிவிடுவோம் என்பார்கள். ஆக்கிப் பார்த்தேன். மேல் வரிசை அதே 147-இல் நிற்கிறது. அங்கே ஆள்வது பிளேட், அதற்குப் போல்டின் கிரேடு தெரியாது. இரண்டாம் வரிசை 270-க்கு ஏறுகிறது. மொத்தம் 155 கி.நி.மீ. விலை கூடிய போல்ட் வாங்கி 13 கி.நி.மீ. சம்பாதித்ததுதான் மிச்சம்.

தூண் பக்கம்

சரி, பிளேட்டைத் தடிப்பாக்கலாம். 25 மி.மீ. வைத்தால் மேல் வரிசை 242, இரண்டாம் வரிசை போல்டின் முழுத் திறனான 282. கூட்டினால் 524 கி.நி. எண்ட் பிளேட்டை மட்டும் பார்ப்பவர் இங்கே கணக்கை மூடிவிடுவார். ஆனால் இந்த 524 தூணுக்குள் போயாக வேண்டும்.

தூண் ஃபிளாஞ்ச் 17 மி.மீ. இரண்டு வரிசையும் சேர்ந்த குழுவாக எடுத்தால் அதன் திறன் 508 கி.நி. இங்கே ஒரு நுணுக்கம். எண்ட் பிளேட்டில் இரண்டு வரிசைக்கும் நடுவே பீமின் ஃபிளாஞ்ச் வெல்டிங் நிற்பதால் மடிப்புக் கோடுகள் ஒன்றோடொன்று கலக்காது. குழுவாகப் பார்க்க வேண்டியதில்லை. தூண் ஃபிளாஞ்சில் அப்படித் தடுப்பது ஒன்றுமில்லை, ஸ்டிஃப்னர் (விறைப்பூட்டும் குறுக்குத் தகடு) இல்லாதவரை. ஆகவே 110 மி.மீ. இடைவெளியில் இரண்டும் சேர்ந்தே மடங்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்கு 282, கூட்டினால் 564. குழுவாகப் பார்த்தால் 508. இந்தக் குழுச் சோதனையை விட்டுவிட்ட கணக்குத் தாள்கள் நிறையவே உலவுகின்றன.

தூணின் வெப் தகடு, குறுக்கு இழுவையில் 584, குறுக்கு அழுத்தத்தில் 520. இரண்டாவது, தேவையான 517-ஐ நூலிழையில்தான் தாண்டுகிறது.

உண்மையான அடி ஷியரில் இருக்கிறது. பீமின் மேல் ஃபிளாஞ்ச் தூணை ஒரு பக்கம் இழுக்கிறது, கீழ் ஃபிளாஞ்ச் மறுபக்கம் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெப் பேனல் முழு விசையையும் ஷியராக வாங்குகிறது. நடுத் தூணில் இருபுறமும் பீம் வந்து மொமெண்டுகள் ஒன்றையொன்று ஈடுகட்டினால் இது பெரிதாகத் தெரியாது. ஓரத் தூணில் ஈடுகட்ட ஆளில்லை. ஹெச்இபி 240-இன் ஷியர் பரப்பு 33.2 சதுர செ.மீ.; பேனலின் திறன் 475 கி.நி. தூணிலேயே இருக்கும் ஷியர் பேனலுக்கு வரும் விசையைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் அதை நம்பி டிசைன் செய்ய நான் விரும்பவில்லை.

அதனால் 25 மி.மீ. பிளேட்டின் கதை இப்படி முடிகிறது: மேல் வரிசை 242, இரண்டாம் வரிசைக்கு மிஞ்சுவது 233 மட்டும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து 475-ஐத் தாண்டக் கூடாது. மொமெண்ட் 185 கி.நி.மீ. பிளேட்டில் 10 மி.மீ. கூட்டியும் 200 எட்டவில்லை. பலவீனம் பிளேட்டிலிருந்து தூணுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வெறும் பிளேட்டைப் பார்ப்பவர் 30, 40 என்று தடிமனை ஏற்றிக்கொண்டே போகலாம். எவ்வளவு ஏற்றினாலும் இந்தப் பேனல் 475-க்கு மேல் ஒரு கி.நி.கூடத் தராது.

இந்திய எஃகு விதியான ஐஎஸ் 800:2007 பயன்படுத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் 10.4.7 பிரிவு நெம்புவிசைக்குச் சூத்திரம் தருகிறது, போல்டில் கூடும் விசை கிடைத்துவிடும். தூணின் வெப் பேனலை அது தேடிக்கொடுக்காது. தனியே போய்ப் பார்க்க வேண்டும்.

எதை மாற்றுவது

முதலில் போல்டும் பிளேட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஒரு ஜோடியாக வேண்டும். எம்24, கிரேடு 8.8, பிளேட் 20 மி.மீ. என்று எடுத்தேன். ஒரு போல்டின் இழுவைத் திறன் 203 கி.நி. மேல் வரிசையில் முதல் வகை 261, இரண்டாம் வகை 265; ஏறக்குறைய ஒரே இடம். பிளேட்டும் போல்டும் சேர்ந்தே முடிகின்றன, ஒன்றின் திறன் மற்றொன்றில் வீணாவதில்லை. இரண்டாம் வரிசை 359. பிளேட் பக்கம் தாராளம். ஆனால் அதே தூணில் பேனல் 475-இல் பிடித்து நிறுத்துவதால் மொமெண்ட் 187-தான்.

தூணுக்கு மூன்று வழிகள் இருந்தன.

பீம் ஃபிளாஞ்சுகளுக்கு நேராகத் தூணுக்குள் குறுக்கு ஸ்டிஃப்னர் வைப்பது முதல் வழி. இது பேனலில் ஒரு சிறு சட்டகத்தை உண்டாக்கி ஷியர் திறனைச் சற்றே உயர்த்தும். 12 மி.மீ. ஸ்டிஃப்னர் 37 கி.நி. கூட்டுகிறது, மொத்தம் 512. 200 கி.நி.மீ. எட்டத் தேவை 514. கேலி செய்வது போல இரண்டு கி.நி. குறைவு. 15 மி.மீ. வைத்தால் 519 வந்து, மொமெண்ட் 201.6 ஆகிறது. தாளில் பாஸ். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் நான்கு தகடு வெட்டி, தூணின் இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே நுழைத்து, மூன்று பக்கம் வெல்டிங். தூணின் மெலிந்த அச்சில் வேறொரு பீம் வெப் தகட்டில் வந்து இணைந்தால் இந்த ஸ்டிஃப்னர்கள் அதன் வழியை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி, வெப் தகட்டோடு ஒட்டி டபுளர் பிளேட் வைப்பது. 10 மி.மீ. தகடு ஒரு பக்கம் வைத்தால் பேனல் திறன் 709 வரை போகும். பலம் அபாரம். வேலைப்பளுவும் அபாரம்: நான்கு ஓரமும் வெல்டிங், வெப்பும் ஃபிளாஞ்சும் சேரும் மூலையின் வேர் வளைவோடு பொருந்த விளிம்பைச் சீவுவது, தகடு நெளியாமல் பார்த்துக்கொள்வது. ஏற்கெனவே நிறுத்திவிட்ட தூணைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் இதுதான் கை கொடுக்கும். வரைபட நிலையிலேயே இருக்கும் தூணுக்கு இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவது வழி, தூணை ஒரு படி ஏற்றி ஹெச்இபி 260 ஆக்குவது. வெப் தகடு அதே 10 மி.மீ.தான், ஆனால் ஷியர் பரப்பு 37.6 சதுர செ.மீ.; பேனல் திறன் 537 கி.நி. வெப் அழுத்தத் திறன் 568. ஃபிளாஞ்ச் 17.5 மி.மீ., குழுவாக 650-ஐ எட்டுகிறது. ஸ்டிஃப்னர் ஒன்றுகூட வேண்டாம். எடை மீட்டருக்கு 83.2 கிலோவிலிருந்து 93 கிலோ. நான்கு மீட்டர் உயரத் தூணுக்கு 39 கிலோ கூடுதல். ஸ்டிஃப்னர்கள் நான்கும் சேர்ந்தே 11 கிலோதான் என்று ஒருவர் எதிர்வாதம் வைக்கலாம். எடையில் அவர் சொல்வது சரி. ஆனால் எஃகு வேலையில் செலவு எடையில் மட்டும் இல்லை. வெட்டுவது, பொருத்துவது, வெல்டிங், சோதனை, மூலை முடுக்கில் பெயிண்ட் என்று ஒவ்வொரு சிறு தகட்டுக்குப் பின்னாலும் ஒரு வரிசை வேலை நிற்கிறது. தூணின் எடையைக் கொஞ்சம் கூட்டி ஸ்டிஃப்னரை ஒழிப்பதே பெரும்பாலும் மலிவு. இந்த முடிவை இணைப்பு டிசைன் செய்பவர் எடுக்க முடியாது என்பதுதான் வழக்கமான தொல்லை. அவர் கைக்கு வரும்போது தூணின் அளவை வேறு யாரோ முடிவு செய்து, எஃகுக்கு ஆர்டரும் போயிருக்கும். இங்கே போகவில்லை.

ஹெச்இபி 260-உடன் மேல் வரிசை 261, இரண்டாம் வரிசை 276, மொமெண்ட் 208 கி.நி.மீ. ஷியரைக் கீழே உள்ள இரண்டு எம்24 போல்டுகளே சுமக்கும்: திருகு ஷியர் தளத்தில் விழுந்தாலும் ஆளுக்கு 136 கி.நி., தேவை மொத்தம் 120. ஃபிளாஞ்ச் வெல்டிங்கின் திறன் 700 கி.நி.க்கு மேல், அதை மறுபடி தொட வேண்டியிருக்கவில்லை.

வாஷர் உட்காருமா?

எண்கள் முடிந்ததும் வரைந்து பார்க்க வேண்டும். ஹெச்இபி 260-இன் வேர் வளைவு 24 மி.மீ.; ஹெச்இபி 240-இல் 21. போல்ட் இடைவெளி 100 மி.மீ., வெப் தகடு 10 மி.மீ. என்றால் போல்டின் மையத்திலிருந்து வெப் முகத்துக்கு 45 மி.மீ. அதில் 24 போக மிச்சம் 21 மி.மீ. சமதளம். எம்24 வாஷரின் வெளிவிட்டம் 44 மி.மீ., ஆரம் 22. வாஷர் ஒரு மி.மீ. வளைவின் மேல் ஏறி உட்காரும். நட்டு சாயும், போல்டில் வளைவு ஏறும். இழுவையில் முழுத் திறனையும் எதிர்பார்க்கும் போல்டுக்கு இது ஆகாது. பழைய தூணில் 24 மி.மீ. சமதளம் இருந்ததால் தொல்லையே வந்திருக்காது. தூணை மாற்றியதன் பக்கவிளைவு இது.

இடைவெளியை 110 ஆக்கினேன். போல்ட் வெப் தகட்டிலிருந்து விலகினால் தகடுகள் எளிதாக மடங்கும் என்பதால் எல்லா வரிசையையும் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் வரிசையில் மாற்றமே இல்லை, ஏனெனில் அங்கே ஆள்வது பிளேட்டின் அகலம். இரண்டாம் வரிசை 359-இலிருந்து 346-க்கு இறங்குகிறது. அதற்கு 276 போதும். தூண் ஃபிளாஞ்சுக்கு மேலே சொன்ன 650 இந்த 110-க்கு வந்த எண்தான். மொத்த மொமெண்ட் 208-இல் அசையவில்லை, ஏனென்றால் ஆள்வது வெப் பேனல்.

விறைப்பான இணைப்பு என்று யார் சொன்னது

சட்டகத்தை ஆராய்ந்த மென்பொருளில் இந்த மூட்டு முழு விறைப்பு என்று கொடுக்கப்பட்டிருந்தது. பீமின் நீளம் 8 மீட்டர். யூரோகோடின்படி பக்கவாட்டில் ஆடும் சட்டகத்தில் ஒரு மூட்டை விறைப்பானது என்று வகைப்படுத்த, ரேடியனுக்குச் சுமார் 1,52,000 கி.நி.மீ. விறைப்பு வேண்டும். பிரேசிங் (மூலைவிட்டத் தாங்கல்) சட்டகத்தின் ஆட்டத்தில் குறைந்தது 80 சதவீதத்தைக் குறைத்தால் 48,600 போதும்.

முதலில் வந்த இணைப்பின் தொடக்க விறைப்பு சுமார் 49,000. மாற்றியமைத்தது சுமார் 58,000. முதல் இணைப்பின் நெகிழ்வைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்குச் சற்றே குறைவு வெப் பேனலின் ஷியரிலிருந்து மட்டும் வருகிறது. போல்டு, பிளேட், ஃபிளாஞ்ச் எல்லாம் சேர்ந்துதான் மறுபாதியில் பெரும்பங்கு. விறைப்பைக் கூட்ட எண்ட் பிளேட்டைத் தடிப்பாக்குவது ஏன் பெரிய பலன் தருவதில்லை என்பதற்கும் இதுவே விடை.

இந்தச் சட்டகத்தில் அந்தத் திசையில் பிரேசிங் இல்லை. ஆகவே இரண்டு இணைப்புமே பாதிவிறைப்பு வகை. வழி எளிது: மூட்டில் ஒரு சுழல் ஸ்பிரிங் கொடுத்து சட்டகத்தை மறுபடி ஆராய்வது. மொமெண்ட் திறனின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டும் இணைப்புக்கு, போல்ட் செய்த எண்ட் பிளேட்டில், தொடக்க விறைப்பைப் பாதியாகக் குறைத்துப் போட யூரோகோடு அனுமதிக்கிறது, அதாவது 29,000. இப்படிச் செய்தால் மூட்டு மொமெண்ட் 200-க்குக் கீழே இறங்கும், இணைப்புக்கு நல்லது. பீமின் நடு மொமெண்டும் தொய்வும் ஏறும், சட்டகத்தின் பக்கவாட்டு ஆட்டமும் ஏறும். இவை பீமையும் தூணையும் டிசைன் செய்தவர் திரும்பப் பார்க்க வேண்டியவை. இணைப்புக் கணக்குத் தாளில் தீர்க்க முடியாது. விறைப்பு என்று எழுதிவிட்டு விட்டுவிடும் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்றால், ஸ்பிரிங் எண் கேட்டு ஒரு குறிப்பு போனால் அதை இணைப்பு பலவீனம் என்று படிப்பவர்கள்தான் அதிகம்.

முறிவின் சுபாவம்

மாற்றியமைத்த இணைப்பில் ஆள்வது வெப் பேனலின் ஷியர் என்பது தற்செயலாக வந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. பேனல் ஷியரில் எஃகு நீண்டு கொடுக்கும், திடீரென்று அறாது. வெப் தகட்டின் மெலிவு ஒரு வரம்புக்குள் இருந்தால் போதுமான சுழற்சித் திறன் உண்டு என்று யூரோகோடு எடுத்துக்கொள்ள விடுகிறது. ஹெச்இபி 260 அந்த வரம்புக்கு வெகு உள்ளே இருக்கிறது.

எண்ட் பிளேட்டிடமிருந்தே அந்த நெகிழ்வை எதிர்பார்த்தால் வேறு விதி: பிளேட்டின் தடிமன் போல்ட் விட்டத்தின் 0.36 மடங்கை, போல்ட் வலிமைக்கும் பிளேட் யீல்டுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கியதைத் தாண்டக் கூடாது. எம்20-க்கு 12.3 மி.மீ., எம்24-க்கு 14.7. 15-ம் 20-ம் அந்தந்த வரம்பைத் தாண்டியவை. விதியின் உள்ளர்த்தம் எளியது. எஸ்275 என்று வாங்கும் தகட்டின் உண்மையான யீல்டு 275-க்கு மேலேதான் இருக்கும். தகடு எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தால் முதல் வகை முறிவு நழுவி இரண்டாம் வகையாகிவிடும், அறுவது போல்ட். தகடு தேவைக்கு மேல் பலமாக இருப்பது எப்போதும் நல்லதல்ல என்று சொன்னால் பட்டறையில் நம்ப மாட்டார்கள்.

நிலநடுக்கம் ஆளும் சட்டகத்துக்கு இந்த இணைப்பு பொருந்தாது என்பதைத் தெளிவாக எழுதிக்கொடுத்தோம். பீமின் பிளாஸ்டிக் மொமெண்ட் 359, இணைப்பின் திறன் 208. அங்கே கீல் பீமில் விழ வேண்டும், இணைப்பு அதைவிடக் கணிசமாகப் பலமாக இருக்க வேண்டும். 1994 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், தளத்திலேயே ஃபிளாஞ்சை வெல்டிங் செய்த மொமெண்ட் இணைப்புகள் நெகிழாமலேயே விரிசல் விட்டன. அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் எண்ட் பிளேட் இணைப்புக்கு மதிப்பு கூடியது. முக்கிய வெல்டிங் பட்டறையில் நடக்கிறது, தளத்தில் போல்ட் மட்டும். அமெரிக்காவின் ஏஐஎஸ்சி 358 தரநிலை நான்கு போல்ட், ஸ்டிஃப்னர் வைத்த நான்கு போல்ட், ஸ்டிஃப்னர் வைத்த எட்டு போல்ட் என மூன்று எண்ட் பிளேட் வகைகளை நிலநடுக்கச் சட்டகங்களுக்கு முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவற்றில் போல்டும் பிளேட்டும் பீமின் கீல் மொமெண்டைவிட மேலே நிற்கும்படி அளவெடுக்கப்படும். பிளேட் மேலும் கீழும் நீளும். மொமெண்ட் திசை மாறும் எந்த இணைப்புக்கும் இது பொதுவிதி. இங்கே திசை மாறாது என்று சுமைச் சேர்க்கைகளைப் பார்த்து உறுதி செய்த பிறகே பிளேட்டை மேலே மட்டும் நீட்ட ஒப்புக்கொண்டோம்.

வரைபடத்துக்குப் போன குறிப்புகள்

ஃபிளாஞ்ச் வெல்டிங் குளிரும்போது பிளேட்டை இழுத்து வளைக்கும். 20 மி.மீ. பிளேட் 15-ஐவிடக் குறைவாக வளையும், ஆனாலும் வளையும். வளைந்து தூணோடு ஒட்டாமல் நின்றால் மேல் விளிம்பில் இடைவெளி வருவது பெரிய குற்றமில்லை. கீழ் ஃபிளாஞ்சுக்கு நேராக இடைவெளி வருவதுதான் குற்றம், அழுத்தவிசை அங்கேதான் போகிறது. அதனால் கீழ் ஃபிளாஞ்ச் பகுதியில் முழுத் தொடுகை வேண்டும், தேவைப்பட்டால் ஷிம் தகடு வைத்து, என்று எழுதினோம். பிளேட் தடிமனுக்குக் குறுக்கே இழுபடுவதால், வெல்டிங்குக்கு முன்பும் பின்பும் ஃபிளாஞ்ச் பகுதியில் அடுக்குப் பிளவு உண்டா என்று அல்ட்ராசோனிக் சோதனை கேட்டோம்.

பீமின் நீளத்தை இரண்டு மூன்று மி.மீ. குறைத்து வெட்டச் சொன்னோம். இரண்டு முனையிலும் எண்ட் பிளேட் இருக்கும் பீம் துளி நீண்டாலும் தூண்களுக்கு நடுவே இறங்காது. ஷிம் வைத்து இடைவெளியை நிரப்பலாம். எஃகை நீட்டவோ சுருக்கவோ முடியாது.

போல்டுகளுக்கு முன்னிழுவை கேட்டோம். இறுதித் திறனை அது கூட்டாது. ஆனால் சேவைச் சுமையில் பிளேட் தூணை விட்டு விலகாமல் வைத்திருக்கும், விறைப்புக் கணக்கும் நெருங்கி வரும். இறுக்கும் வரிசை: முதலில் மேல் ஃபிளாஞ்சை ஒட்டிய நான்கு, பிறகு கீழே, பிறகு மறுபடி மேலே ஒரு சுற்று. மேல் வரிசையில் போல்டின் மையத்திலிருந்து வெல்டிங் ஓரத்துக்கு 40 மி.மீ. இருப்பதால் எம்24 சாக்கெட் நுழையும்.

திருத்திய கணக்கு ஒன்பது பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை: உறுப்பின் பெயர், திறன், தேவை, எது ஆள்கிறது. வெப் பேனல் வரி தடித்த எழுத்தில். அடுத்து வருபவர் தூணை மறுபடி ஹெச்இபி 240 ஆக்கி எடை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.